புரோகிரஸிவ் கண்ணாடிக்குள்ள ஒரு பிரிசம்: அதை எங்கே வச்சு அளக்கணும்?

வீட்ல 45 வயசு தாண்டின யாராவது புரோகிரஸிவ் கண்ணாடி போட்டிருந்தா, அதை ரெண்டு நிமிஷம் கேட்டு வாங்குங்க. லென்ஸ் மேல வாயால ஊதி ஆவி படிய வச்சு, டியூப் லைட்டுக்கு எதிரா லேசா சாய்ச்சுப் பாருங்க. ஆவி மறையுற அந்த ஒரு நொடியில, லென்ஸோட ரெண்டு ஓரத்துலயும் பொடியா ஒரு வட்டமோ கம்பெனி முத்திரையோ தெரியும். கண்ணாடி போட்டிருக்கிறவருக்கே அது இருக்குறது தெரியாது. ஸ்கேல் வச்சு அளந்தா ரெண்டுக்கும் நடுவுல 34 மி.மீ. இருக்கும். எந்த நாட்டுல செஞ்ச லென்ஸா இருந்தாலும் பெரும்பாலும் இதே 34 தான், ஏன்னா சர்வதேசத் தரநிலையே அப்படி. காதுப் பக்கம் இருக்கிற குறிக்குக் கீழ '20' மாதிரி ஒரு எண் இருந்தா, படிக்கிறதுக்காகக் கூடுதலா சேர்த்த பவர் 2.00 டயாப்டர்னு அர்த்தம். கடைகள்ல இதை 'ஆடிஷன்'னு சொல்லுவாங்க.

அந்த ரெண்டு குறிக்கும் சரியா நடுவுல இருக்கிற புள்ளியைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. அதுக்குப் பேர் பிரிசம் ரெஃபரன்ஸ் பாயின்ட். நாம 'நடுப்புள்ளி'ன்னே வச்சுக்கலாம். லென்ஸுக்குள்ள எவ்வளவு பிரிசம் இருக்குன்னு அளக்க வேண்டிய இடம் அதுதான். வேற எங்க வச்சு அளந்தாலும் ஏதோ ஒரு எண் வரும், ஆனா அந்த எண்ணை நம்பி ஒரு முடிவு எடுக்க முடியாது.

கண்ணாடியில பிரிசம் எதுக்குன்னு கேட்பீங்க. முதல் வருஷ பிசிக்ஸ் லேப்ல ஸ்பெக்ட்ரோமீட்டர் மேல வச்சு மினிமம் டீவியேஷன் பார்த்தோமே, அதே பிரிசம்தான். அது 60 டிகிரி கோணத்துல இருந்த தடியன். கண்ணாடிக்குள்ள இருக்கிறது ஒரு டிகிரி சுமார் வர்ற மெல்லிய ஆப்பு. தச்சர் கதவுக்கு அடியில செருகுற ஆப்பை நினைச்சுக்கோங்க: ஒரு பக்கம் தடிமன், எதிர்ப்பக்கம் கூர். ஒளி எப்பவும் தடிமனான பக்கத்தை நோக்கி வளையும். ஆனா அது வழியா பார்க்கிற கண்ணுக்கு, பொருள் கூர்ப்பக்கமா நகர்ந்த மாதிரி தெரியும். ரெண்டும் எதிரெதிர் திசை. இதைக் குழப்பிக்காம மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

அளவு கணக்கு ரொம்ப எளிசு. ஒரு மீட்டர் தள்ளி இருக்கிற சுவர்ல ஒளிக்கதிரை ஒரு செ.மீ. நகர்த்துனா அது ஒரு பிரிசம் டயாப்டர். ரெண்டு மீட்டர்னா ரெண்டு செ.மீ. கோணத்துல சொன்னா சுமார் 0.57 டிகிரி. இந்த அலகை 1890 வாக்குல முன்வச்சவர் நியூயார்க்கில் கண்ணாடிக் கடை வச்சிருந்த சார்லஸ் பிரென்டிஸ். அவர் ஜெர்மனியில கார்ல்ஸ்ரூவே போய் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சுட்டு வந்து அப்பாவோட கண்ணாடித் தொழில்ல உட்கார்ந்தவர். (பிளேஸ்மென்ட் பத்திக் கவலைப்படுற மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்கவும்.) அவர் பேர்லயே ஒரு விதியும் இருக்கு: லென்ஸோட மையத்துல இருந்து எத்தனை செ.மீ. தள்ளிப் பார்க்கிறோமோ, அதை பவரால பெருக்கினா அந்த இடத்துல கிடைக்கிற பிரிசம் வந்துடும். +2.00 லென்ஸ்ல மையத்துக்கு அரை செ.மீ. கீழ பார்த்தா 0.5 × 2 = 1 பிரிசம் டயாப்டர். அதாவது, பிரிசம்னு தனியா ஒண்ணும் வைக்காத சாதாரண லென்ஸ்லகூட, மையத்தை விட்டு விலகினா பிரிசம் வந்துடும்.

புரோகிரஸிவ்ல இதுக்கு மேல இன்னொண்ணும் இருக்கு. அதை வேணும்னே வைக்கிறாங்க.

மேல தூரப் பார்வை, கீழ கிட்டப் பார்வை, நடுவுல கோடே இல்லாம பவர் படிப்படியா ஏறணும். இதுதான் புரோகிரஸிவ். ஓவன் ஏவ்ஸ் 1907-லயே இந்த யோசனைக்கு பேட்டன்ட் வாங்கிட்டார். ஆனா கடையில விக்கிற பொருளா அது வந்தது 1959-ல, பிரான்ஸ் இன்ஜினியர் பெர்னார்ட் மெய்த்னாஸ் வடிவமைச்ச வேரிலக்ஸ் மூலமா. பவர் கீழ ஏறணும்னா லென்ஸோட முன்பக்க வளைவு கீழ போகப் போக அதிகமாகணும். வளைவு அதிகமானா கீழ் விளிம்பு மெலிஞ்சுக்கிட்டே போகும். கீழ் விளிம்பு கத்தி மாதிரி ஆகாம இருக்க, மொத்த லென்ஸையும் தடிமனா செய்ய வேண்டி வரும். அப்போ மேல் விளிம்பு வீணா தடிச்சு, கனமும் ஏறும்.

இதுக்கு லேப்ல பண்ற தந்திரம் என்னன்னா, மேல தடிமனாவும் கீழ கூராவும் ஒரு ஆப்பை மொத்த லென்ஸ்ல இருந்து சீவி எடுத்துடுவாங்க. மிச்சம் இருக்கிற லென்ஸ்ல, அடிப்பக்கம் கீழே இருக்கிற ஒரு பிரிசம் சேர்ந்துடும். இதுக்குப் பேர் பிரிசம் தின்னிங். எவ்வளவு? வழக்கமா ஆடிஷன்ல மூணுல ரெண்டு பங்கு. ஆடிஷன் 2.00 என்றால் சுமார் 1.33 பிரிசம் டயாப்டர். ஒளிவிலகல் எண் 1.5, உயரம் 30 மி.மீ. இருக்கிற லென்ஸ்ல 1.33 பிரிசம்னா மேலுக்கும் கீழுக்கும் கிட்டத்தட்ட 0.8 மி.மீ. தடிமன் வித்தியாசம். கேட்க சின்னதா இருக்கு. ஆனா மூக்கு மேல நாள் முழுக்க உட்கார்ற பொருளுக்கு அது பெரிய விஷயம்.

அப்போ உலகமே நகர்ந்து தெரியாதா? தெரியும். ஒரு மீட்டர் தூரத்துல இருக்கிறது 1.33 செ.மீ. மேல தெரியும். ஆனா ரெண்டு கண்ணுக்கும் ஒரே அளவு, ஒரே திசை. ஒரே நுகத்தடியில பூட்டின ரெண்டு மாடு மாதிரி ரெண்டு கண்ணும் சேர்ந்தே அந்தச் சின்ன நகர்வைச் சமாளிச்சுடும். மூளை கண்டுக்காது. ஆக, ஒரு லென்ஸ்ல மட்டும் 1.33-னு பார்த்தா அதை வச்சு நல்லதுன்னும் சொல்ல முடியாது, கெட்டதுன்னும் சொல்ல முடியாது. ரெண்டுலயும் 1.33 இருந்தா சரி. ரெண்டுலயும் பூஜ்யம் இருந்தாலும் சரி (சில மைனஸ் பவர் லென்ஸ்கள்ல தின்னிங் தேவைப்படாது). ஒண்ணுல 1.33, இன்னொண்ணுல பூஜ்யம்னாதான் வம்பு.

நாமகிரிப்பேட்டைல நடந்தது

வெளியூர்ல ஊர்ப் பேரைச் சொன்னா பெரியவங்க உடனே நாதஸ்வரம் கிருஷ்ணனைக் கேட்பாங்க. ஊருக்குள்ள இருக்கிற எங்களுக்கு எல்லாம் மஞ்சள்தான். விரலி, உருண்டை, பனங்காளினு ரகம் பிரிச்சு மூட்டை போட்டு ஏலத்துக்குக் கொண்டு போவாங்க. என் பெரியப்பாவுக்கு வயசு 58. வலது கண் +1.50, இடது +1.00, ஆடிஷன் 2.00. ரெண்டு வருஷமா புரோகிரஸிவ் போட்டு எந்தத் தொந்தரவும் இல்ல. போன சீசன்ல மூட்டை இறக்கும்போது கண்ணாடி விழுந்து இடது லென்ஸ் மட்டும் விரிசல் விட்டுடுச்சு. 'ஒண்ணு நல்லாத்தானே இருக்குது, எதுக்கு ரெண்டையும் மாத்தணும்'னு இடதை மட்டும் மாத்தினார். நியாயமான கணக்குதான். பாதிக் காசு மிச்சம்.

புது லென்ஸ் வந்ததுல இருந்து தலைவலி. ஏலத்துல லாட் எண்ணும் விலையும் வரிசையா எழுதியிருக்கிற தாள்ல, தன் லாட்டுக்கு நேரா எந்த விலைன்னு பிடிபடலை. விரல் வச்சுப் படிச்சாலும் வரி ஒண்ணு மேல ஏறி நிக்குது. 'எழுத்து மசங்கலைடா கண்ணு, சுத்தமாத் தெரியுது. ஆனா எந்த வரில இருக்குதுன்னுதான் தெரியல'ன்னார். இதைவிடத் துல்லியமா ஒரு நோயாளி சொல்ல முடியாதுன்னு இப்போ தோணுது. கடைக்குப் போனா, லென்ஸை மெஷின்ல வச்சுப் பார்த்துட்டு, 'பவர் கரெக்டா இருக்குதுங்க. புது லென்ஸுங்க, பதினஞ்சு நாள்ல பழகிடும்'னு அனுப்பிட்டாங்க.

பவர் கரெக்ட்டுன்னு அவங்க சொன்னது உண்மைதான். பிரிசத்தால பவர் மாறாது. அதனால பவரை மட்டும் பார்த்தா ரெண்டு லென்ஸும் பாஸ் ஆயிடும்.

நான் முதல்ல பண்ணினது ஒரு கண்ணை மூடச் சொன்னதுதான். வலதை மூடினா தாள் தெளிவு. இடதை மூடினாலும் தெளிவு. ரெண்டையும் திறந்தா கஷ்டம். அப்போ கோளாறு எந்த லென்ஸுலயும் தனியா இல்ல, ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற உறவுல இருக்கு. (இங்க ஒரு எச்சரிக்கை. கண்ணாடியே மாத்தாம இருக்கும்போது திடீர்னு ரெட்டையா தெரிஞ்சாலோ, இமை தொங்கினாலோ, கடுமையான தலைவலி கூட வந்தாலோ, இந்த மாதிரி ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம். அன்னைக்கே கண் டாக்டரைப் பாருங்க.)

அப்புறம் லென்ஸோட விளிம்பைப் பின்பக்கமா பார்த்தேன். வலது லென்ஸ்ல மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஏறக்குறைய ஒரே தடிமன். இடதுல மேல் விளிம்பு ஃபிரேமை விட்டுத் துருத்திக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணுல ஆப்பு சீவியிருக்கு, இன்னொண்ணுல சீவலை. சந்தேகம் பாதி உறுதி.

மீதிக்கு ஒரு லேசர் பாயின்டர், ரிடார்ட் ஸ்டாண்டு, சுவர். லேசரைத் தரைக்கு இணையா கிளாம்ப் பண்ணி, 3 மீட்டர் தள்ளி இருக்கிற சுவர்ல புள்ளி விழுற இடத்தைப் பென்சிலால குறிச்சேன். இரண்டு லென்ஸுலயும் ஊதிப் பொறிப்பைக் கண்டுபிடிச்சு, 34 மி.மீ.க்கு நடுவுல மார்க்கர் பேனாவால புள்ளி வச்சாச்சு. மேசை மேல கண்ணாடியைச் சமமா நிறுத்தி, கதிர் அந்த நடுப்புள்ளி வழியா போற மாதிரி நகர்த்தினா போதும். வலது லென்ஸ்ல சுவர்ப்புள்ளி 3.9 செ.மீ. கீழ இறங்கிச்சு. மூணால வகுத்தா 1.3 பிரிசம் டயாப்டர், அடிப்பக்கம் கீழே. இடதுல 3 மி.மீ. தான். அதாவது 0.1. வித்தியாசம் சுமார் 1.2.

(லேசர் போட்டிருக்கும்போது யாரும் கண்ணாடியைப் போட்டுக்கக் கூடாது. லென்ஸ்ல பட்டுத் திரும்புற கதிர் கூட கண்ணுக்குப் படக் கூடாது. பக்கத்துல இருக்கிற சின்னப் பசங்களை முதல்ல வெளிய அனுப்புங்க.)

இந்த அளவு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? பென்சில் குறியில 1, 2 மி.மீ. பிசகலாம், அது பெரிசில்ல. பெரிய பிழை எங்க வரும்னா, கதிர் நடுப்புள்ளியை விட்டு ஒரு மி.மீ. தள்ளிப் போனா. +1.50 லென்ஸ்ல பிரென்டிஸ் விதிப்படி 0.1 × 1.5 = 0.15 பிரிசம், 3 மீட்டர் சுவர்ல நாலரை மி.மீ. அதனால என் முறையில 0.2 வரைக்கும் பிழை இருக்கலாம்னு வச்சுக்கிட்டேன். 1.2-ஐக் கண்டுபிடிக்க இது தாராளம். ஆனா நுணுக்கமான தீர்ப்பு சொல்ல இது போதாது. அமெரிக்காவின் ஆன்சி தரநிலை, சாதாரண பவர்ல ஒரு ஜோடிக் கண்ணாடிக்கு மேல்-கீழ் வித்தியாசம் சுமார் 0.33 பிரிசம் வரைதான் இருக்கலாம்னு சொல்லுது. இடவலமா இருந்தா 0.67 வரை பரவாயில்ல.

மேல்-கீழுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கறார்? மூக்கு நுனியைப் பாருங்கன்னா ரெண்டு கண்ணும் உள்பக்கமா எளிசா திரும்பும். புத்தகத்தைக் கிட்ட கொண்டு வரும்போதெல்லாம் இந்த வேலையைத்தான் கண்கள் பண்ணுது. ஆனா ஒரு கண்ணால மேலயும் இன்னொரு கண்ணால கீழயும் பாருங்கன்னு சொன்னா யாராலயும் முடியாது. அந்தத் திசையில சமாளிக்கிற திறன் ரொம்பக் கம்மி. அந்தக் கொஞ்சத்தையும் நாள் முழுக்கச் செலவழிச்சா தலைவலி வரும். பெரியப்பா கணக்கையே எடுத்துக்கோங்க: 1.2 பிரிசம், தாள் 40 செ.மீ. தூரத்துல. 1.2 × 0.4 = 0.48 செ.மீ. ரெண்டு கண்ணும் பார்க்கிற பிம்பத்துக்கு நடுவுல கிட்டத்தட்ட 5 மி.மீ. ஏலத் தாள்ல ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இருக்கிற இடைவெளி அவ்வளவுதான். பக்கத்து லாட் விலை அவர் லாட்டுக்கு நேரா வந்து நின்னதுல ஆச்சரியமே இல்ல.

கடையில அளக்கிறது எப்படி

கண்ணாடிக் கடையில இருக்கிற மெஷினுக்குப் பேர் லென்சோமீட்டர். கையால திருப்புறது, ஆட்டோ ரெண்டும் உண்டு. கையால திருப்புறதுல, உள்ள பார்த்தா ஒரு குறுக்குக்கோடும் அதைச் சுத்தி 1, 2, 3-னு எண் போட்ட வட்டங்களும் இருக்கும். லென்ஸ் வழியா வர்ற பச்சைக் கோடுகள் வெட்டிக்கிற இடம் எந்த வட்டத்து மேல விழுதோ அதுதான் பிரிசம். ஆட்டோ மெஷின்ல திரையிலேயே எண் வந்துடும், ஆனா அந்த வரியைப் பெரும்பாலும் யாரும் பார்க்கிறதில்ல.

புது லென்ஸ் லேப்ல இருந்து வரும்போது அது மேல மையால படமே வரைஞ்சிருக்கும்: மேல தூரப் பவர் அளக்க ஒரு வளையம், கண்மணிக்கு நேரா வர வேண்டிய சிலுவைக் குறி, அதுக்குச் சில மி.மீ. கீழ நடுப்புள்ளி, அடியில கிட்டப் பவர் அளக்க ஒரு வட்டம். கடைக்காரர் டெலிவரி கொடுக்கும்போது ஸ்பிரிட் போட்டு மையைத் துடைச்சுடுவார். அதுக்கப்புறம் பொறிப்பு மட்டும்தான் மிச்சம்.

பிரச்சினை வர்ற இடம் இதுதான். தூரப் பவர் பார்க்க லென்ஸை மேல் வளையத்துல வைப்பாங்க, அது சரி. அதே இடத்துல பிரிசத்தையும் படிச்சா கணக்கு தப்பிடும். பெரியப்பா பவரையே வச்சுப் பாருங்க. ரெண்டு லென்ஸுலயும் 1.33 தின்னிங் ஒழுங்கா இருக்கிற நல்ல ஜோடின்னு வச்சுக்குவோம். மேல் வளையம் நடுப்புள்ளிக்கு 8 மி.மீ. மேலன்னா, வலதுல 0.8 × 1.5 = 1.2 கூடும், மொத்தம் 2.53. இடதுல 0.8 × 1.0 = 0.8 கூடும், மொத்தம் 2.13. வித்தியாசம் 0.4. உருப்படியான கண்ணாடி ஒண்ணு தரநிலையில ஃபெயில் ஆயிடுச்சு! இதே மாதிரி, வேற பவர்ல, கோளாறான ஜோடி ஒண்ணு பாஸும் ஆகலாம். நடுப்புள்ளியில மட்டும்தான் பவரால வர்ற பிரிசம் பூஜ்யம் ஆகி, லேப் வச்ச பிரிசம் மட்டும் தனியா தெரியும். பிரிசத்தை அங்கேதான் படிக்கணும்னு சொல்றதுக்கு இதுதான் காரணம்.

பெரியப்பா கண்ணாடியை ராசிபுரத்துல வேற ஒரு கடைக்குக் கொண்டு போனோம். நடுப்புள்ளியைக் குறிச்சுத் தந்து, 'இங்க வச்சு பிரிசம் மட்டும் படிச்சுச் சொல்லுங்கண்ணா'ன்னு கேட்டேன். வலது 1.25, அடிப்பக்கம் கீழே. இடது 0.00. அந்த அண்ணன் ரெண்டு எண்ணையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துட்டு, 'ஒத்த லென்ஸ் மாத்தினீங்களா?'ன்னார். அவருக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டுச்சு. பழைய ஜோடியை ஒரு லேப் தின்னிங்கோட செஞ்சிருக்கு. புது ஒத்தை லென்ஸை வேற லேப் தின்னிங் இல்லாம செஞ்சிருக்கு. ரெண்டு லேபும் தனித்தனியா பார்த்தா ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்காங்க. ஆர்டர் எழுதினவர், 'மிச்சம் இருக்கிற வலது லென்ஸ்ல 1.25 பிரிசம் இருக்கு, இதுலயும் அதே வைங்க'ன்னு ஒரு வரி சேர்த்திருந்தா போதும். இப்போ அந்த வரியோட புது இடது லென்ஸ் வந்து மாட்டியாச்சு. முதல் கடையில கொடுத்த காசு போனதுதான்.

உங்க வீட்லயும் ஒத்த லென்ஸ் மாத்துறதா இருந்தா, அந்த வரியை ஆர்டர் சீட்டுல எழுதச் சொல்லுங்க. மிச்சம் இருக்கிற லென்ஸையும் லேபுக்கே அனுப்பி ஜோடி சேர்க்கச் சொன்னா இன்னும் நல்லது. 'பழகிடும்'னு சொன்னா உடனே சண்டைக்குப் போக வேண்டாம். முதல் தடவை புரோகிரஸிவ் போடுறவங்களுக்குப் படி இறங்கும்போது தரை மிதக்கிற மாதிரி இருக்கும், ஓரத்துல பார்த்தா நெளியும். அது உண்மையிலேயே ஒண்ணு ரெண்டு வாரத்துல பழகிடும். ஆனா ரெண்டு கண்ணையும் திறந்தா மட்டும் வரி ஏறி இறங்கினா, நடுப்புள்ளியில பிரிசம் எவ்வளவுன்னு கேளுங்க.

இது சின்ன விஷயம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துல 40 தாண்டின தொழிலாளர்களுக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி கொடுத்து நடத்தின ஆய்வு 2018-ல லான்செட் குளோபல் ஹெல்த் இதழ்ல வந்துச்சு. கண்ணாடி கிடைக்காதவங்களோட ஒப்பிட்டா, கிடைச்சவங்க பறிச்ச இலையோட எடை சுமார் 22 சதவீதம் கூடுதலா ஏறியிருந்துச்சு. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடிங்கிறது பேப்பர் படிக்கிறவங்க சமாச்சாரம் மட்டும் இல்ல. மஞ்சள்ல விரலியையும் உருண்டையையும் பிரிக்கிற கைக்கும் அதே கண்ணுதான்.

கடைசியா, எந்தக் கடைக்காரர் மேலயும் பழி போட முடியாத ஒரு வித்தியாசமும் இருக்கு. ரெண்டு கண்ணுக்கும் பவர் ரொம்ப வேறயா இருக்கிறவங்களுக்கு நடுப்புள்ளியில எல்லாம் சரியா இருந்தாலும், படிக்கக் கீழ பார்க்கும்போது பிரிசம் தானா வந்துடும். வலது +3.00, இடது +1.00 என்றால், ஒரு செ.மீ. கீழ பார்த்தா ஒண்ணுல 3, இன்னொண்ணுல 1; வித்தியாசம் 2 பிரிசம் டயாப்டர். பெரியப்பாவைப் படுத்தினதைவிட அதிகம். சிலருக்குக் கண் நாளடைவில் இதுக்குப் பழகியிருக்கும். பழகாதவங்களுக்கு ஒரு லென்ஸோட கீழ்ப்பாதியை மட்டும் தனியா சீவி எதிர்ப் பிரிசம் வைக்கிற முறை உண்டு, ஸ்லாப் ஆஃப்னு கேட்டா சொல்லுவாங்க. விலை கூட. அதுக்குப் பதிலா படிக்க மட்டும் தனியா ஒரு சாதாரண கண்ணாடி வச்சுக்கிட்டாலும் போதும். அதுல தலையைக் குனிஞ்சு லென்ஸோட மையம் வழியாவே படிக்கலாம், மையத்துல பிரிசம் பூஜ்யம்.